குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவும் ஆரம்ப சுகாதார நிலையமும்

ராயலசீமையின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சித்தூர்ப் பகுதி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மழை அடிக்கடி பொய்க்கும் இம்மண்ணில் நிலக்கடலை முக்கியப் பயிர். கேழ்வரகுக் களி பழகிய உணவு. முன்னதில் புரதமும் கொழுப்பும், பின்னதில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆயினும் கடலை முழுவதும் சந்தைக்குச் சென்று, குழந்தைக்கு நீர்த்த கஞ்சியே மிஞ்சுமானால் வளர்ச்சி தடைப்படும்.

எடையே முதல் எச்சரிக்கை

உடல் மெலிந்த பின்னரே நோயை உணர்வது காலங்கடந்த செயலாகும். எடை ஏறாமல் நிற்பதே முதல் அறிகுறி. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், எடை பார்த்தலை அங்கன்வாடியின் கடமைகளுள் ஒன்றாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மிதமான குறைவு, 11.5-க்குக் குறைந்தால் கடுமையானது. இரு பாதங்களிலும் வீக்கம் காணின், எடை எவ்வளவாயினும் அது கடுமையான நிலையே.

வீட்டிலேயே தடுப்பு

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். பின்னர் தாய்ப்பாலுடன் இணை உணவு தேவை. குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றிப் போதிய சக்தி தராது. எனவே உணவு கெட்டியாகவும், சிறிது எண்ணெய் சேர்த்தும், பலமுறை பகிர்ந்தும் அளிக்கப்பட வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த கலவை எளியது: வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16, நிலக்கடலை 10, வெல்லம் 20. இது சுமார் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் தரும். வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தலாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் தர வேண்டும்.

சிகிச்சையும் தொடர்கண்காணிப்பும்

கடுமையான குறைவுள்ள குழந்தை பசியோடு உண்டு, வேறு நோயின்றி இருந்தால், சுகாதார நிலையத்தின் கண்காணிப்பில் வீட்டிலேயே தேறலாம். பசியின்மை, காய்ச்சல், வீக்கம் ஆகியவை இருப்பின் மருத்துவமனையில் சேர்த்தல் இன்றியமையாதது. அங்கு முதலில் உடற்சூடும் இரத்தச் சர்க்கரையும் காக்கப்பெறும். உணவு சிறுகச் சிறுகவே கூட்டப்படும். நலிந்த உடல் திடீர் விருந்தைத் தாங்காது.

அங்கன்வாடி ஒரு துறையினது. சுகாதார நிலையம் மற்றொரு துறையினது. இரு பதிவேடுகளுக்கும் இடையில் குழந்தை தவறிவிடக்கூடும். வீடு திரும்பிய குழந்தையின் பெயர் அங்கன்வாடிப் பணியாளரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் உடனே எட்ட வேண்டும். அடுத்த மாத எடையைப் பதிவு செய்தபின்தான் சிகிச்சை பலன் தந்ததா என்பது தெரியும்.