5 லட்சம் பேரின் மருத்துவம்... கணக்குக் கேட்பது யார்? - அமெரிக்க மாநிலத்தில் ஓயாத கட்சிச் சண்டை!

ஏழைகளின் மருத்துவச் செலவை அரசே பார்த்துக்கொள்வதா, தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைப்பதா? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2015-ல் கிளம்பிய இந்தச் சண்டை, பிறகு வேறொரு கேள்வியில் வந்து நின்றது. ஒப்படைத்தாகிவிட்டது. இனி அந்தக் கம்பெனிகளைக் கண்காணிப்பது யார்?

வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அமெரிக்காவில் இருக்கும் அரசு மருத்துவத் திட்டத்தின் பெயர் மெடிக்கெய்டு. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. மக்காச்சோளத்துக்குப் பெயர்போன அயோவாவில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் இதை நம்பி இருந்தார்கள்.

அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில நிர்வாகம் அவர் கையில்தான். 2015-ல் ஆளுநராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர் டெர்ரி பிரான்ஸ்டாட், இந்தத் திட்டத்தைத் தனியாரிடம் கொடுக்க முடிவெடுத்தார். செலவு குறையும், சேவை மேம்படும் என்பது அவர் வாதம்.

தலைக்கு இவ்வளவு!

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு பயனாளிக்கும் மாதம் இவ்வளவு என்று அரசு கம்பெனிக்குக் கொடுத்துவிடும். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி செலவையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும். செலவு குறைந்தால் மிச்சம் கம்பெனிக்கு. தேவையில்லாத செலவைக் குறைத்தால் எல்லோருக்கும் நல்லது. தேவையான சிகிச்சையையே மறுத்தால்? அதனால்தான் கண்காணிப்பு இங்கே இவ்வளவு முக்கியம்.

அப்போது மேலவை ஜனநாயகக் கட்சியிடம், கீழவை குடியரசுக் கட்சியிடம். இரு கட்சியினரும் இடம்பெற்ற மேற்பார்வைக் குழு ஒன்று 2015-ல் உருவானது. ஏற்பாடுகள் முழுமையாகவில்லை என்று மத்திய அரசு இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தது. 2016 தொடக்கத்தில் தனியார்மயத்தை நிறுத்தும் மசோதாவை மேலவை நிறைவேற்றியது; கீழவை அதைக் கையில் எடுக்கவே இல்லை. 2016 ஏப்ரல் 1 அன்று அமெரிகுரூப், அமெரிஹெல்த் கேரிடாஸ், யுனைடெட்ஹெல்த்கேர் ஆகிய மூன்று கம்பெனிகளிடம் திட்டம் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் மேலவையும் குடியரசுக் கட்சி வசமானது. ஆளுநர் பதவி, இரண்டு அவைகள் என எல்லாம் ஒரே கட்சியின் கையில். எதிர்க்கட்சி கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல வைக்கும் எண்ணிக்கை அதனிடம் இல்லை.

மாறிக்கொண்டே இருந்த கணக்கு

2017 நவம்பர் இறுதியில் அமெரிஹெல்த் கேரிடாஸ் விலகியது. அதன் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள் வேறு கம்பெனிக்கு மாற வேண்டியிருந்தது. 2019 ஜூன் மாதத்தோடு யுனைடெட்ஹெல்த்கேரும் கிளம்பியது. கம்பெனி மாறும்போதெல்லாம், தன் டாக்டர் புதிய பட்டியலில் இருக்கிறாரா என்று பயனாளிகள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

மிச்சம் எவ்வளவு என்பதிலும் குழப்பம். 2018 நிதியாண்டுக்கு 4.7 கோடி டாலர் மிச்சம் என்று முதலில் சொன்ன அரசுத் துறை, சில மாதங்களில் அதை 14.1 கோடி என்றது. மாநிலத் தணிக்கையாளர் மேரி மோசிமன் கணக்குப் போட்டபோது வந்தது 12.6 கோடி. மிச்சம் உண்டு என்பதை ஆளுங்கட்சியைச் சேர்ந்த அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால், துறை சொன்ன தொகை அவர் கணக்கில் வரவில்லை.

காவலாளிக்கே கட்டுப்பாடு

அயோவாவில் தணிக்கையாளரும் மக்கள் ஓட்டில் வருபவர்தான். அடுத்து வந்த ராப் சாண்ட், ஜனநாயகக் கட்சிக்காரர். 2021 அக்டோபரில் அவர் வெளியிட்ட அறிக்கை பெரிய புயலைக் கிளப்பியது. சட்டத்துக்குப் புறம்பாகச் சிகிச்சை மறுக்கப்பட்டது தனியார்மயத்துக்குப் பிறகு 891 சதவிகிதம் அதிகரித்துவிட்டது என்றது அறிக்கை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் ரத்து செய்த முடிவுகளை வைத்து அவர் போட்ட கணக்கு அது. அரசுத் துறை இந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை.

2022 தேர்தலுக்குப் பிறகு, மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி ஜெயித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரராக சாண்ட் மிஞ்சினார். 2023 ஜூனில் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் புதிய சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். தணிக்கையாளர் கேட்டுப் பெறக்கூடிய தகவல்களுக்கு அது வரம்பு விதித்தது. ஆவணத்தைத் தர ஓர் அரசுத் துறை மறுத்தால், தணிக்கையாளர் கோர்ட்டுக்குப் போக முடியாது. தணிக்கையாளர், அந்தத் துறை, ஆளுநர் ஆகிய மூன்று தரப்பின் பிரதிநிதிகள் கொண்ட குழுதான் முடிவு சொல்லும். அதில் இரண்டு பேர் அரசுத் தரப்பு!

மக்களின் அந்தரங்கத் தகவல்களைப் பாதுகாக்கவே இந்தச் சட்டம் என்றார்கள் குடியரசுக் கட்சியினர். காவலாளியின் கையைக் கட்டும் வேலை என்றது எதிர்த்தரப்பு. தணிக்கையாளரும் அரசியல்வாதிதானே என்ற கேள்விக்கும் இடமிருக்கிறது. 2026 ஆளுநர் தேர்தலில் போட்டியிடப்போவதாக 2025-ல் அறிவித்தார் சாண்ட்.

மருந்து மறுக்கப்பட்டவருக்கு எந்தக் கட்சி ஜெயித்தது என்பது இரண்டாவது விஷயம். தனக்கு ஏன் மறுக்கப்பட்டது, தன்னைப் போல எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்பதை, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், ஆவணத்தை வாங்கிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அயோவா இன்னும் முடிவு செய்யாமல் இருப்பது அதைத்தான்.