ஊட்டும் உழைப்பு: பீனைல்கீற்றோனூரியா பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

குழந்தைக்கு உணவூட்டுதல் தாய்மையின் இயல்பென்றும், குழந்தை உண்ண மறுப்பின் அது தாயின் குறையென்றும் கருதும் போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஊட்டுதல் ஓர் உழைப்பு என்பதும், அதற்கு அறிவும் நேரமும் பொருளும் வேண்டும் என்பதும் இக்கருத்தினால் மறைக்கப்படுகின்றன. இவ்வுண்மையை உணர்த்தவல்லது பீனைல்கீற்றோனூரியா எனும் பரம்பரை நோயின் வரலாறு.

நாம் உண்ணும் புரதங்களில் பீனைலலனைன் என்னும் அமினோ அமிலம் உண்டு. ஈரலிலுள்ள நொதியமொன்று அதனைத் தைரோசினாக மாற்றுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்ற குழந்தையில் இந்நொதியம் செவ்வனே தொழிற்படுவதில்லை. பீனைலலனைன் குருதியிற் பெருகி, வளரும் மூளையைத் தாக்குகிறது. ஏனைய குழந்தைகளை வளர்க்கும் பாலே இக்குழந்தைக்கு ஊறு செய்கிறது.

நாவலாசிரியை பேர்ள் பக்கின் மகள் இந்நோய்க்கு ஆளானவர். பக் 1931இல் வெளியிட்ட 'த குட் ஏர்த்' நாவலில் வரும் உளவளர்ச்சி குன்றிய சிறுமியின் நிலைக்குக் காரணமாகப் பஞ்சகாலப் பட்டினியே காட்டப்படுகிறது. உணவின்மை மட்டுமன்றி உணவும் அத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதை விஞ்ஞானம் அப்போது அறிந்திருக்கவில்லை.

அவ்வறிவு தோன்றியதில் தாய்மாரின் பங்கு மனங்கொள்ளத்தக்கது. தன் பிள்ளைகள் இருவரின் நிலைக்குக் காரணந்தேடி அலைந்த நோர்வேத் தாயொருத்தியின் விடாமுயற்சியே, 1934இல் வைத்தியர் ஃபொலிங் இந்நோயைக் கண்டறிய வழிவகுத்தது. பேர்மிங்ஹாமில் வைத்தியர் பிக்கெல் குழுவினரிடம் சிகிச்சை கோரி ஓயாது வற்புறுத்தியவளும் ஒரு தாயே. பீனைலலனைன் குறைக்கப்பட்ட உணவினால் அவளுடைய குழந்தை தேறியது. 1953இல் அவ்வாய்வு வெளியாயிற்று. உணவின் பயனை உறுதிசெய்யும்பொருட்டு, தாய்க்குத் தெரியாமல் பீனைலலனைன் மீண்டும் சேர்க்கப்பட்டபோது, சில மணிநேரத்துள் குழந்தையின் சீர்கேட்டைக் கண்டுகொண்டவளும் அவளே. அவளது அவதானத்தை ஏற்ற ஆய்வு, அவளது சம்மதத்தைக் கேட்கவில்லை.

இவ்வுணவுமுறை எளிதன்று. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பாலுணவு யாவும் விலக்கப்படுகின்றன. சோறும் உருளைக்கிழங்கும் அளந்தே கொடுக்கப்படும். தாய்ப்பாலும் கணக்கிட்டே ஊட்டப்படும். புரதத்தின் இடத்தை நிரப்பும் அமினோ அமிலக் கலவையோ கசப்பும் கடுமணமும் உடையது. அதனை நாள்தோறும் பலமுறை அருந்த வேண்டும். குழந்தை அதனைத் துப்புவதும் வாயை இறுக மூடிக்கொள்வதும் வியப்பன்று. "பசித்தால் உண்பான்" என்று விட்டுவிடவும் இயலாது. உணவு போதாதபோதும் காய்ச்சலின்போதும் உடல் தன் புரதத்தையே சிதைப்பதால் பீனைலலனைன் மிகுகிறது. ஆயினும் வன்முறையாக ஊட்டுவது எதிர்ப்பையே வளர்க்கும். முதல் வாரங்களிலேயே சுவையைப் பழக்குதல், நேரம் தவறாமை, குளிரவைத்துக் கொடுத்தல், சற்று வளர்ந்தபின் பிள்ளையையே அளந்து கலக்கச் செய்தல் ஆகியன பயன் தருவன. ஒரு காலத்தில் சிறுவயதிலேயே கைவிடப்பட்ட இவ்வுணவுமுறை, இன்று வாழ்நாள் முழுவதற்கும் விதிக்கப்படுகிறது.

இவ்வுழைப்பு பயன்தர வேண்டின், நோய் பிறந்த சில நாட்களுள் அறியப்படல் வேண்டும். அமெரிக்காவில் ரொபேர்ட் கத்ரி, பொதுப்பணத்தின் துணையுடன், குதிக்காலில் எடுக்கும் குருதித்துளியைக் கொண்டு அதனை இயல்வதாக்கினார். 1963இல் மசாசூசெட்ஸ் மாநிலம் அப்பரிசோதனையைச் சட்டமாக்கியது. ஏறத்தாழ 6 டொலர் செலவில் அமையும் பரிசோதனைத் தொகுதியை 262 டொலருக்கு விற்க உற்பத்தி உரிமை பெற்ற நிறுவனம் முனைந்ததும் அவ்வாண்டிலேயே. கத்ரி அதனை எதிர்த்தார். உரிமை அரசைச் சார்ந்ததென முடிவாயிற்று. எனினும் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. பிரித்தானியாவில் அமினோ அமிலக் கலவை தேசிய சுகாதார சேவையின் மருந்துச்சீட்டில் கிடைக்கிறது. அமெரிக்காவில் அதற்கான காப்புறுதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நொதியத்தின் பழுது ஒன்றேயாயினும், குழந்தையின் கிண்ணத்தை நிரப்புவது சமூக அமைப்பே எனலாம்.

எனவே, உண்ண மறுக்கும் குழந்தையின் முன் அமர்ந்திருக்கும் பெற்றோருக்குப் பொறுமையைப் போதிப்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. பரிசோதனையும் கலவையும் உணவியல் ஆலோசனையும் விலைக்குரிய பண்டங்களாக உள்ளவரை, வறிய தாயின் அன்பு எத்துணைப் பெரிதாயினும் அக்குழந்தையின் மூளையைக் காக்கப் போதாது. அவற்றை ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாக்குவது சமூகத்தின் கடன். தாயைக் குறைகூறும் வழக்கத்தைக் கைவிடுவது அதன் முதற்படி.