கவசம் இருந்தது, முட்டியில் இல்லை

சாங்கி முனையிலிருந்து படகேறிப் புலாவ் உபினுக்குப் போயிருந்தோம். அங்குள்ள கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் ஒரு வளைவில், உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகன் சறுக்கி விழுந்தான். பெரிய வேகம் ஒன்றுமில்லை. ஆனால் உபின் கருங்கல் தீவு. அவன் வலது முழங்கால் நேராகச் சரளையில் போய் இறங்கியது. ஆறு தையல். “கவசம் போட்டிருந்தேனே மாமா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். பொய்யில்லை. கவசம் அவன் கணுக்காலுக்கு மேலே சுருண்டு கிடந்தது.

அது அவனுடைய பெரியப்பா மகனுடையது. ஓர் அளவு பெரியது. அக்காவிடம் அன்று நான் வாங்கிய பேச்சு தனிக்கதை. ஆனால் அதன் பிறகுதான் இந்தக் கவசங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன்.

முழங்கால் கவசத்தைச் சோதிக்க ஐரோப்பாவில் இஎன் 1621-1 என்றொரு தரநிலை இருக்கிறது. மோட்டார் சைக்கிளோட்டிகளுக்காக எழுதப்பட்டது. மலைச் சைக்கிள் கவசங்கள் பலவும் இதே சோதனைக்குத்தான் போகின்றன. அதனால் கவசத்தின் உட்புற முத்திரையில் மோட்டார் சைக்கிள் படத்தைப் பார்த்தால், தவறான பொருளை எடுத்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

சோதனை எளிமையானது. 5 கிலோ எடையுள்ள இரும்பு, ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின்மேல் விழுகிறது. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள்: சுமார் 50 ஜூல். கவசத்துக்கு அடியிலுள்ள கருவி, எவ்வளவு விசை உள்ளே வந்தது என்று அளக்கிறது. உச்ச விசைகளின் சராசரி 35 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் முதல் நிலை. 20ஐத் தாண்டாவிட்டால் இரண்டாம் நிலை.

அந்த 50 ஜூல் எங்கே போகிறது? வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். விழும் இரும்பு 1 மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டுமென்றால் சராசரி விசை 50,000 நியூட்டன். அதே இரும்புக்கு 10 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் 5,000 நியூட்டன் போதும். கவசம் ஆற்றலை மாயமாக்குவதில்லை; நிற்பதற்குக் கொஞ்சம் தூரமும் நேரமும் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். உண்மையான நுரை கடைசிவரை ஒரே சீராக அமுங்காது. முதலில் எளிதாக இடம் கொடுத்து, முடிவில் தரைதட்டும். அந்தக் கடைசிக் கணத்தில்தான் விசை உச்சத்துக்கு ஏறுகிறது. விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் போகும் மலிவான நுரையை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் கெட்டியான நுரை நல்லதா? அதைக் கட்டிக்கொண்டு பெடல் மிதிக்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு வந்த விடைதான் சுவையானது. சோளமாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பாருங்கள். விரலை மெல்ல விட்டால் இறங்கும்; குத்தினால் கல்லாக நிற்கும். வேகத்துக்கு ஏற்ப இறுகும் பொருள்களில் கவசம் செய்யும் நிறுவனங்கள் இப்போது பல உண்டு. 1999இல் பிரிட்டனில் தொடங்கிய டி3ஓ அவற்றுள் பெயர்பெற்றது. ஆரஞ்சு நிறத்தில் கடைகளில் பார்த்திருக்கலாம். மெதுவாக மடக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று நழுவிக் கடக்கின்றன. அடி விழும்போது நழுவ நேரமில்லை, பிணைந்து இறுகுகின்றன. பிறகு பழையபடி இளகிவிடும். தலைக்கவசத்துக்குள் இருக்கும் வெள்ளை நுரை அப்படியல்ல. அது ஒருமுறை நசுங்கினால் தன் வேலையை முடித்துக்கொண்டது, மாற்றியாக வேண்டும்.

இத்தகைய பொருள்கள் குளிரில் விறைக்கும், வெப்பத்தில் தளரும். அதனால் தரநிலையில் விருப்பச் சோதனைகள் இரண்டு உள்ளன: கழித்தல் 10 பாகை செல்சியசில் ஒன்று, 40 பாகையில் ஒன்று. வெப்பச் சோதனையில் தேறியவற்றின் முத்திரையில் ‘டி’ எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். நம் ஊர் வெயிலில், வியர்வை பிசுபிசுக்கும் காலோடு ஒட்டிக்கிடக்கும் பொருள் இது. கழித்தல் குறி நமக்கு எதற்கு? கூட்டலைத் தேடுங்கள்.

வெளியே கெட்டி ஓடு உள்ள கவசத்துக்கு வேறு பயன் உண்டு. கூரான கல் ஒரு புள்ளியில் தரும் அடியை அது பரப்பிவிடுகிறது; பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். கணைக்காலுக்கு இது முக்கியம். அங்கே முன்புற எலும்புக்கும் தோலுக்கும் நடுவே தசை கிடையாது. எலும்பைப் போர்த்திய சவ்வில் நரம்புகள் அதிகம். தட்டைப் பெடல்களில் காலணி வழுக்காமலிருக்கச் சிறு உலோக முட்கள் இருக்கும். கால் நழுவி, பெடல் சுழன்று வந்து அடித்தால் என்ன ஆகும் என்று பட்டவர்களைக் கேளுங்கள். அத்தகைய பெடல் வைத்திருப்பவர்கள் கணைக்காலையும் மூடும் நீண்ட கவசத்தை வாங்கலாம். புக்கிட் தீமா, செஸ்நட் தடங்களில் ஏறி இறங்க மட்டும் என்றால் உறைபோல் மாட்டும் மெல்லிய முழங்கால் கவசமே போதும் என்பது என் எண்ணம். புழுக்கத்தில் கழற்றிப் பையில் போட்டுவிட்ட இரண்டாம் நிலைக் கவசத்தைவிட, காலில் இருக்கும் முதல் நிலைக் கவசம் மேல்.

சரி, அளவு. ஆய்வகத்தில் கவசம் இரும்புக்கு அடியில் சரியாக வைக்கப்பட்டிருக்கும். காலில் அது தானாக நின்றாக வேண்டும். பல நிறுவனங்கள் முட்டிச் சில்லுக்கு மேலே தொடையின் சுற்றளவையும், கீழே கெண்டைக்காலின் சுற்றளவையும் கேட்கின்றன. அளவு நாடாவால் இரண்டையும் எடுங்கள். சட்டை அளவை வைத்து ஊகிக்காதீர்கள். கடையில் மாட்டிக்கொண்டு இருபது முறை குந்தி எழுந்திருங்கள், படி ஏறி இறங்குங்கள், முடிந்தால் சைக்கிளில் ஏறி மிதியுங்கள். பிறகு கையால் கீழே இழுத்துப் பாருங்கள். உள்விளிம்பில் சிலிக்கோன் பட்டை இருந்தால் வியர்வையிலும் ஓரளவு பிடிக்கும். முட்டிக்குப் பின்னால் மரத்துப்போனால், இறுக்கம் அதிகம். அந்தப் பள்ளத்தில் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

“வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடு” என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிச் சீருடைக்கு அது சரி. இதற்கு மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கவசம் நேர் அடியையும் சிராய்ப்பையும்தான் தடுக்கும். கால் சிக்கி முழங்கால் முறுக்கினால், எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களை இந்த மென்கவசங்களால் காப்பாற்ற முடியாது.

அக்கா மகனுக்குப் புதிதாக ஒன்று வாங்கினோம், அவன் அளவிலேயே. மேட்டில் ஏறும்போது புழுக்கம் தாங்காமல் இப்போதும் அதைக் கணுக்காலுக்கு இறக்கி விட்டுக்கொள்கிறான். உச்சியில் நின்று தண்ணீர் குடிக்கும்போது, நான் சொல்லாமலேயே, குனிந்து மேலே இழுத்துவிடுகிறான். துவைப்பது மட்டும் இன்னும் அக்காதான்.