சிப்பை வாங்கலாம், அதன் 'ஞாபகத்தை' வாங்க முடியாது! பழைய மெஷின்காரர்களே, உஷார்

(நமது நிருபர்)

தர்மபுரி: காசு கொடுத்தால் கடையில் சிப் கிடைக்கும். ஆனால் அந்தச் சிப்புக்குள் எழுதி வைத்திருந்த விஷயம் அழிந்துவிட்டால்? எந்தக் கடையிலும் கிடைக்காது. மெஷினைச் செய்த கம்பெனியே பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

டி.வி., ஆம்ப்ளிஃபயர், மோட்டார் கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் செய்கிறவர்களும், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. லேப்காரர்களும் மாட்டிக்கொண்டு முழிப்பது இந்த இடத்தில்தான். 1970களிலும் 80களிலும் செய்த ஆஸிலாஸ்கோப், டிஜிட்டல் மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக 'மறதி நோய்' பிடித்துச் சாகின்றன. இது போதாது என்று மார்க்கெட்டில் போலி சிப் வேறு!

தர்மபுரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை தலையெடுத்த காலத்தில் ஓசூர் நம்ம தர்மபுரி மாவட்டத்து ஊர். 2004 பிப்ரவரி 9-ந் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோதுதான் பிரிந்து போனது.

தொழிற்சாலை என்றால் சோதனைக் கருவி இல்லாமல் வேலை ஓடாது. புதுசு வந்தால் பழசு ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் போனது கை மாறிக் கை மாறி ரிப்பேர் மேஜைக்கு வந்து சேரும். நல்ல பழைய ஸ்கோப் ஒன்று மேஜையில் இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். அது படுத்துவிட்டால் அன்றைக்கு வருமானமும் படுத்துவிடும்.

கண்ணாடி ஜன்னல் ரகசியம்

இந்தப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே சிப் ஒன்றின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் தெரியும். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இதற்குப் பெயர் ஈப்ராம். 1971-ல் இன்டெல் கம்பெனியில் டோவ் ஃப்ரோமன் என்பவர் கண்டுபிடித்தது. பெட்டி என்ன செய்ய வேண்டும், எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற மூளை முழுக்க இதற்குள்தான். இதைத்தான் 'ஃபர்ம்வேர்' என்கிறார்கள்.

ஜன்னல் எதற்கு? அழிப்பதற்கு! புற ஊதா விளக்கில் 15, 20 நிமிஷம் காட்டினால் எழுத்து முழுக்கத் துடைத்துப் போய்விடும். வெறும் வெயிலில் வைத்தால் ஒரு வாரம் போதும். டியூப் லைட் வெளிச்சத்தில் தொடர்ந்து கிடந்தால் சுமார் மூன்று வருஷம். கம்பெனிக் குறிப்பேட்டிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆகவே ஸ்டிக்கரை அழுக்கு என்று நினைத்துப் பிய்த்துப் போடாதீர்கள். அது சிப்புக்குக் கட்டிய கண்கட்டு.

ஸ்டிக்கர் பத்திரமாக இருந்தாலும் காலம் விடாது. உள்ளே எழுத்தாக நிற்பது மின்சாரத் துளிதான். அது மெல்ல மெல்லக் கசியும். இந்தச் சிப்புகளில் பலவற்றுக்கு இப்போது 40 வயசு தாண்டிவிட்டது.

பேட்டரி செத்தால் எல்லாம் போச்சு!

இன்னொரு வகை இதைவிட மோசம். 80களில் டாலஸ் செமிகண்டக்டர் கம்பெனி கறுப்புக் கட்டி மாதிரி ஒரு சிப் விற்றது. உள்ளேயே லித்தியம் பேட்டரி. பேட்டரி உயிரோடு இருக்கிறவரை ஞாபகம் இருக்கும். குறைந்தது 10 வருஷம் தாங்கும் என்றது கம்பெனி. 20 வருஷத்துக்கு மேல் தாங்கியவையும் உண்டு. ஆனால் என்றைக்கு மூச்சு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஸ்கோப்பின் பிந்தைய பெட்டிகளில் இந்த ஜாதிச் சிப் உண்டு. எச்.பி. கம்பெனியின் பேர்போன 3458ஏ மீட்டரிலும் உண்டு.

இதற்குள் இருப்பது காலிபரேஷன் கணக்கு. அதாவது, இந்தப் பெட்டி எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய திருத்தம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி. பக்கத்துக் கடைக்காரரிடம் அதே மாடல் இருந்தாலும் அவருடைய கணக்கு உங்கள் பெட்டிக்குச் சேராது.

அது அழிந்தால், பொன் நிறுக்கும் தராசுக்குப் படிக்கல் தொலைந்த கதைதான். தராசு இருக்கும், நிறுக்க முடியாது. மறுபடி சரிபார்க்க வேண்டுமானால் சென்னை, பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையம் மாதிரி இடங்களுக்கோ, அங்கீகாரம் பெற்ற தனியார் லேபுக்கோ தூக்கிப் போக வேண்டும். செலவும் அலைச்சலும் வேறு.

சிப் வேட்டை

சிப் தேடி நம்மூர்க்காரர்கள் போகும் இடம் இரண்டு. ஒன்று, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. இன்னொன்று, பெங்களூர் எஸ்.பி. ரோடு.

சாதா ஐ.சி. என்றால் கவலை இல்லை. 741, 7400 வகைகள் இன்னும் கிடைக்கின்றன. 2716, 2732 ஈப்ராம் வேண்டுமானால் பழைய ஸ்டாக்தான். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் மூளையாக இருந்த இசட்-80 சிப், 1976-ல் வந்தது. அதற்குக் கடைசி ஆர்டர் 2024 ஜூன் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. இனி அதுவும் பழைய ஸ்டாக்தான்.

கம்பெனி தனக்கென்றே செய்துகொண்ட சிப்தான் பெரிய தலைவலி. டெக்ட்ரானிக்ஸ் 2465 வகையில் யு800 என்று ஒன்று உண்டு. சூட்டில் போய்விடும். அதே மாடலில் செத்த பெட்டி ஒன்றை வாங்கி அதிலிருந்து கழற்றுவதுதான் வழி. ஒன்றைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்க வைக்கிற வேலை!

நம்பர் ஒன்றாக இருக்கிறதே என்றும் ஏமாறக் கூடாது. சாதாரண 2716 ஐந்து வோல்ட் ஒன்றிலேயே ஓடும். டெக்சாஸ் கம்பெனியின் டி.எம்.எஸ்.2716 மூன்று வித வோல்ட் கேட்கும், கால்களும் வேறு. 2732-க்கு எழுத 25 வோல்ட். 2732ஏ-க்கு 21 வோல்ட்தான். மாற்றிக் கொடுத்தால் சிப் அங்கேயே காலி.

போலியைப் பிடிப்பது எப்படி?

"ஒரிஜினல் சார், பழைய ஸ்டாக் சார்" என்று கொடுக்கிற சிப் எல்லாம் ஒரிஜினல் இல்லை. குப்பையில் கழற்றிய சிப்பின் முதுகைத் தேய்த்து, புது நம்பர் அச்சடித்து விற்கும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்க செனட் கமிட்டி 2012-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ராணுவத் தளவாடச் சப்ளையிலேயே சுமார் 1,800 வழக்குகள்; சந்தேகத்துக்குரிய உதிரி பாகங்கள் 10 லட்சத்துக்கு மேல்! ராணுவத்துக்கே அல்வா கொடுத்தவர்கள் ரிப்பேர் கடைக்காரரை விடுவார்களா?

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

* சிப் மேல் நாலு இலக்கத் தேதி இருக்கும். 8432 என்றால் 1984-ம் வருஷம் 32-வது வாரம். அந்த வகை நின்றுபோன பிறகான தேதி இருந்தால் சந்தேகம்தான்.

* பிளாஸ்டிக் சிப்பின் முதுகில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். கறுப்புப் பூச்சு கரைந்து வந்தால் மேலே பெயிண்ட், கீழே வேறு நம்பர்.

* ஒரே குழாயில் இருக்கும் சிப்புகளின் முதுகில் குழி வேறு வேறு ஆழத்தில் இருந்தால் கலப்படம்.

* ஈப்ராம் என்றால் ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். ஒரே நம்பர் போட்ட இரண்டுக்கு உள்ளே இருக்கும் சில்லு வேறு வேறாக இருந்தால் விசாரியுங்கள்.

* கால்களில் புது ஈயம் மினுமினுத்தால் அது போர்டிலிருந்து கழற்றியது. அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புதுசும் இல்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

தங்கத்துக்கு ஆசைப்பட்டு...

காயலான் கடையில் இந்தச் சிப்புக்கு எடைதான் விலை. பீங்கான் உடம்புக்காரச் சிப்பில் தங்க முலாம் இருப்பதால் அதைத் தனியாகப் பொறுக்குகிறவர்கள் உண்டு. ஆசிட்டில் போட்டால் துளித் தங்கம் வரும். உள்ளே இருந்த எழுத்து உலகத்தை விட்டே போகும். அதே எழுத்துக்காக எங்கேயோ ஒருவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அஞ்சு நிமிஷ வேலை

செத்த பிறகு அழுவதைவிட, உயிரோடு இருக்கும்போதே நகல் எடுப்பது புத்திசாலித்தனம். கைக்குள் அடங்கும் புரோகிராமர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் செருகினால் போதும்.

முதலில் போர்டை போட்டோ எடுங்கள். எந்தச் சாக்கெட்டில் எந்தச் சிப் என்று குறியுங்கள். காலை வளைக்காமல் சிப்பை எடுத்து, கால்களைத் துடையுங்கள். மூன்று தடவை படியுங்கள். மூன்று தடவையும் கூட்டுத்தொகை ஒன்றாக வர வேண்டும். தடவைக்குத் தடவை மாறினால் சிப் சாகிற நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

நகலை மாடல், சீரியல் நம்பரோடு இரண்டு இடத்தில் வையுங்கள். புதுச் சிப்பில் எழுதிப் பெட்டியில் மாட்டுங்கள். பழசை ஜன்னல் மூடிப் பத்திரப்படுத்துங்கள். 2708 மாதிரி மூன்று வோல்ட் சிப்பை மலிவுப் புரோகிராமர் படிக்காது, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பேட்டரிச் சிப் ஈயத்தில் பற்றியிருந்தால் எர்த் செய்த அயர்ன் இல்லாமல் கை வைக்காதீர்கள். பல பெட்டிகளில் பேட்டரியே வேண்டாத 'எஃப்-ராம்' சிப்பை அதற்குப் பதில் மாட்டலாம். நகல் எடுத்து அதில் எழுதிவிட்டால் பேட்டரிக் கவலை தீர்ந்தது.

போலீஸ் கேஸ் ஆகுமா?

"கம்பெனி புரோகிராமை காப்பி அடித்தால் உள்ளே போட்டுடுவாங்களா?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. நியாயமாகக் கையில் வைத்திருப்பவர், அழிவுக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ளலாம். நகலை விற்றுக் காசு பார்ப்பது வேறு விஷயம்.

லேப்காரர்கள் கவனத்துக்கு

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் லேப் கருவிகளும் சேர்ந்துவிட்டன. கழித்துக் கட்டும் கருவிகள் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் பெட்டி தூளாகும். அதுவும் சரிதான்.

ஆனால் 'கண்டம்' லிஸ்டில் கையெழுத்துப் போடும் முன் மூடியைக் கழற்றி, ஜன்னல் வைத்த சிப்பையும் கறுப்புக் கட்டியையும் ஒரு தடவை படித்து வைக்கச் சொன்னால் என்ன? மாணவர்களுக்கு அது நல்ல செய்முறைப் பாடம். ஊரில் அதே மாடலை வைத்துக்கொண்டு தவிக்கும் ரிப்பேர்காரருக்கு அந்த நகல்தான் சோறு.