தாலியமெந்தோ: பின்னல் போட்டு ஓடும் ஆறு

வெள்ளம் வடிந்தபின் கூழாங்கல் பரப்பில் ஒரு பாப்லர் மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. செத்த மரம் என்றுதான் நினைப்போம். சில வாரங்களில் அதன் தண்டிலிருந்து துளிர் கிளம்புகிறது. மரம் தடுப்பதால் அதன் பின்னால் நீரின் வேகம் தணிந்து, மணலும் வண்டலும் படிகின்றன. புதைந்த கிளைகள் அந்த வண்டலில் புதுவேர் விடுகின்றன. சில ஆண்டுகளில் அங்கே சிறு தோப்புடன் ஓர் ஆற்றிடைக்குறை எழுந்து நிற்கிறது. பிறகொரு பெருவெள்ளம் அதையும் அரித்து, மரங்களைக் கீழே கொண்டுபோய்ப் போடுகிறது. அங்கே அடுத்த தீவு தொடங்குகிறது.

இது நடப்பது இத்தாலியின் வடகிழக்கே, ஃபிரியூலி வட்டாரத்தில் ஓடும் தாலியமெந்தோ ஆற்றில். மௌரியா கணவாயருகே ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் பிறந்து, சுமார் 170 கிலோமீட்டர் ஓடி, ஏட்ரியாட்டிக் கடலில் சேர்கிறது. ரைன், ரோன் போன்ற ஆல்ப்ஸ் ஆறுகளும் ஒருகாலத்தில் பல இடங்களில் இப்படித்தான் ஓடின. 19ஆம் நூற்றாண்டு முதல் அவற்றைக் கரைகட்டி நேராக்கிவிட்டார்கள். தாலியமெந்தோவின் மேற்பகுதியிலும் மின்சாரத்துக்காக நீர் எடுக்கிறார்கள். துணையாறான லூமியேயில் அணையும் உண்டு. ஆனால் அதன் நடுப்பகுதியை இன்னும் யாரும் அடக்கவில்லை. அதனால்தான் ஏஞ்சலா கர்னெல், கிளெமென்ட் டாக்னர் போன்ற ஆய்வாளர்கள் ஆறு என்றால் என்ன என்பதைக் கற்க இங்கே வந்தார்கள். மரத்திலிருந்து தீவு பிறக்கும் கதை அத்தகைய ஆய்வுகளில்தான் துலங்கியது.

மலை செங்குத்தானது, அதன் பாறை எளிதில் நொறுங்குவது, நீர்ப்பிடிப்பின் சில பகுதிகளில் ஆண்டு மழை 2000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதனால் ஆறு சுமக்க முடியாத அளவுக்குச் சரளைக்கல் வந்து சேர்கிறது. சுமையை வழியில் இறக்கிவைக்கிறது. இறக்கிய மேடே வழிமறிக்க, இரண்டாகப் பிரிகிறது. சற்றுத் தள்ளி மறுபடி கூடுகிறது. மேலிருந்து பார்த்தால் தளரப் பின்னிய சடைபோல் இருக்கும் இந்தப் பின்னல், சில இடங்களில் 2 கிலோமீட்டர் அகலம்.

கோடையில் அந்த அகலத்தைப் பார்ப்பவருக்கு வீணான நிலமாகத்தான் தோன்றும். ஒரு குடம் நீரைக் குழாயில் ஊற்றினால் மறுமுனையில் பீய்ச்சியடிக்கும். தாம்பாளத்தில் ஊற்றினால் பரவி நிற்கும். பின்னல் ஆற்றின் படுகை வெள்ளத்துக்குத் தாம்பாளம். தீவுகளும் புதர்களும் சரளை மேடுகளும் நீரை உரசித் தாமதப்படுத்துகின்றன. சரளைக்குள் இறங்கும் நீர் நிலத்தடியில் பயணித்து, சமவெளியில் தெளிந்த ஊற்றுகளாகத் திரும்ப எழுகிறது.

ஆபத்து இருப்பது கீழே. கடலை நெருங்கும்போது உயர்ந்த கரைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்குகிறது. லதிசானா நகரில் அதன் அகலம் 200 மீட்டருக்கும் குறைவு. 1965 செப்டம்பரில் அங்கே வெள்ளம் புகுந்தது. 1966 நவம்பர் 4 அன்று, ஃபுளோரன்ஸையும் வெனிஸையும் மூழ்கடித்த அதே பெருமழையில், மறுபடியும் புகுந்தது. அந்த ஊர்க்காரர்களின் அச்சம் நியாயமானது. ஆற்றை நேசிப்பவர்கள் அந்த அச்சத்தை ஒருபோதும் அற்பமாக எண்ணக்கூடாது.

அதன்பின் கரைகளை உயர்த்தினார்கள். காவிரி வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதுபோல, லதிசானாவுக்குக் கீழே கவ்ராத்தோ என்ற கால்வாய் ஒரு பங்கு நீரைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. மேலே, மலை விட்டு ஆறு இறங்கும் பின்சானோ இடுக்கை ஒட்டி வெள்ளத் தாங்கல்கள் கட்டி உச்ச நீரைச் சில மணிநேரம் பிடித்துவைக்கலாம் என்ற யோசனை பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. அங்கே வாழ்பவர்களும் அறிவியலாளர்களும் அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள்.

காரணம், ஆற்றில் வருவது நீர் மட்டுமன்று, கல்லும் மரமும்கூட. குறுக்கே எழும் கட்டுமானம் கல்லைத் தடுத்தால், சுமையிழந்த நீர் கீழே தன் படுகையையே தோண்டும். படுகை தாழ்ந்தால் பின்னல் அவிழ்ந்து ஒற்றை வாய்க்காலாகும், தீவுகள் பிறக்கா, தாம்பாளமும் சுருங்கும்.

நெருக்கடி கீழே என்றால் இடமும் முதலில் அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம். கரைகளைப் பின்தள்ளுவது, வெள்ளம் ஏற வயல்களை விட்டுக்கொடுப்பது, விட்டவர்களுக்கு முறையாக ஈடு தருவது, மலையில் மழை வலுக்கும்போதே எச்சரிப்பது: எதுவும் எளிதல்ல, மலிவும் அல்ல. ஆனால் நடுப்பகுதியின் அந்த 2 கிலோமீட்டர் அகலம் யாருக்கும் சொந்தமில்லாத தரிசு அல்ல. வெள்ளம் வந்து தங்க ஆறு வைத்திருக்கும் வீடு அது. அந்த வீட்டை அப்படியே விட்டுவைப்பதும் லதிசானாவைக் காக்கும் வேலையில் ஒரு பங்குதான்.