பதிவேடு எழுதுற கைக்கு என்ன விலை?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் பி.காம். படித்த ஒரு பெண், தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாதம் 13,000 ரூபாய். வேறு படி எதுவும் கிடையாது. ஆய்வுக்குழு வரும் என்றால் ராத்திரி ஒன்பது மணி வரை ஃபைல் அடுக்க வேண்டும். நாலு வருஷம் ஏழு மாசம் ஆனபோது என்னிடம் வந்து, "பெரியப்பா, விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். அவள் அம்மாவோ, "அண்ணே, ஃபேன் காத்துல உக்கார்ற வேலைய விட்டுட்டு நெல்லு மூட்டை எண்ணப் போறேங்கிறா, நீங்களாவது சொல்லுங்க" என்று அழாத குறை.

விடாதே என்று நான் சொல்லவில்லை. ஐந்து மாசம் பொறு என்றேன்.

வேலையை விடுகிற பிள்ளைகள் பலர் பணிக்கொடைக் கணக்கே போடுவதில்லை. சட்டப்படி, ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். அவளுக்கு ஆண்டுக்கு 7,500, ஐந்தாண்டுக்கு 37,500. பி.எஃப்.பில் ஓய்வூதியப் பகுதியை எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைக்கச் சொன்னேன். பின்னால் பி.எஃப். உள்ள வேலைக்குப் போனால் இந்த ஐந்தாண்டும் சேரும். பத்தாண்டு நிறைந்தால்தானே ஓய்வூதியம்.

அவள் போக நினைத்தது எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு. நானும் அதில் பங்குதாரர். மரபு நெல்லை வாங்கி, அரைத்து, அரிசியும் அவலுமாக விற்கிறோம். நெல் நன்றாக இருந்தது, காகிதம்தான் சரியில்லை. ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் கெடு தாண்டிக் கொடுத்தால் கம்பெனிப் பதிவாளருக்குப் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவம், 240 நாள் தாமதம்: 48,000 ரூபாய். யாரும் திருடவில்லை, எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். தணிக்கை முடிந்த கணக்கு இல்லாததால் வங்கிக் கடனும் நின்றது. நானே வங்கியில் இருந்தவன். இப்படி வந்த விண்ணப்பத்தை நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

பி.ஜி.எஸ். சான்றும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து உழவர்கள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று சொல்கிற முறை. அருமையான ஏற்பாடு. ஆனால் வயல் வரலாறு, உறுதிமொழி, கூட்டக் குறிப்பு, சரிபார்ப்புத் தாள் எல்லாம் எழுத வேண்டுமே! ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி மறு வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தோமே, அதுவும் பதிவேடு இருந்தால்தான் நடக்கும். ஆய்வுக்குழுவுக்கு ஃபைல் அடுக்கிய பெண்ணுக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

ஆனால் எங்கள் இயக்குநர் கூட்டத்தில் முதலில் சொன்ன சம்பளம் 10,000. "கம்ப்யூட்டர்ல தட்டற வேலைதானே" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. நம் நெல்லுக்கு மற்றவன் விலை வைக்கிறான் என்று மேடைக்கு மேடை பேசுகிற நாமே, ஒரு பெண்ணின் உழைப்புக்கு அதே வியாபாரி மாதிரி விலை வைக்கலாமா? கட்டிய 48,000-ஐப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டினேன்: மாதம் 4,000, வெறும் தண்டம். கடன் நின்றதால் அறுவடை நேரத்தில் கொள்முதல் செய்ய முடியாமல் உறுப்பினர்கள் வியாபாரியிடம் நெல்லைப் போட்ட நட்டம் தனி. இரண்டு கூட்டம் இழுத்தது. கடைசியில் 18,000, எழுத்தில் நியமன ஆணை, வாரம் ஒருநாள் விடுப்பு என்று முடிந்தது. ஆணையைக் கையில் வாங்கிய பிறகே கல்லூரியில் ராஜினாமா கொடுத்தாள். பணிக்கொடைக்கு இரண்டு முறை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, வந்துவிட்டது.

உட்காரவே நேரமில்லை இப்போது. காலையில் கொள்முதல் எடை, மதியம் ஆலை, சாயங்காலம் கணக்கு. மாப்பிள்ளைச் சம்பா நூறு கிலோ குத்தினால் அரிசி எவ்வளவு, தவிடு எவ்வளவு என்று ஒவ்வொரு அரவைக்கும் எழுதுகிறாள். ஆலைக்காரர் முன்பு போல வாய்க்கணக்குச் சொல்ல முடிவதில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவள் அம்மாவுக்கு இன்னும் முழு சம்மதமில்லை. "பி.எஃப். இல்லியே அண்ணே" என்கிறார். அது நியாயமான கேள்வி. இருபது பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் கட்டாயம். எங்களிடம் ஆறு பேர். வரும் பேரவையில் இதையும் வைக்கப் போகிறோம்.

பேரவை செப்டம்பரில். கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் கடைசி, ஆண்டறிக்கைக்கு நவம்பர் கடைசி என்று சிவப்பு மையில் எழுதி, எடை மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள்.