இலங்கை நீல மக்பையும் அதன் வாழிடமும்

மாணவர்களே, இடைவேளை முடிந்ததும் பாடசாலை முற்றத்தில் சோற்றுப்பருக்கை பொறுக்க வரும் காகத்தை நீங்கள் நன்கறிவீர்கள். அதே காகக் குடும்பத்தைச் சேர்ந்த நீல மக்பையை உங்களுள் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய இப்பறவை சிங்களத்தில் கெஹிபெல்லா எனப்படும். இதன் விஞ்ஞானப் பெயர் யூரோசிஸ்ஸா ஓர்னாட்டா. காகக் குடும்பமும் பாடும் பறவைகள் என்னும் பிரிவினுள் அடங்குவதை நினைவிற் கொள்க.

தோற்றம்

உடல் கடும் நீல நிறமானது. தலையும் கழுத்தும் இறக்கையின் பறத்தற் சிறகுகளும் செங்கபில நிறமானவை. சொண்டும் கால்களும் கண்ணைச் சுற்றிய வளையமும் சிவப்பு. நீண்ட வாலின் சிறகு நுனிகள் வெண்மையானவை.

வாழிடமும் இசைவாக்கமும்

ஈரவலயத்தின் தாழ்நில மழைக்காடுகள் முதல் மலைநாட்டுக் காடுகள் வரை இது வாழ்கின்றது. சிங்கராஜ வனம் இதனைக் காணக்கூடிய சிறந்த இடமாகும். குறுகிய இறக்கைகள் அடர்ந்த கிளைகளிடையே தாவித் திரிய உதவுகின்றன. ஆனால் நெடுந்தூரம் பறக்க ஏற்றவையல்ல. பூச்சிகள், தவளைகள், பல்லியினங்கள், பழங்கள் என்பன இதன் உணவாகும். குஞ்சுகளுக்கு உணவூட்டுவதில் பெற்றோருடன் கூட்டத்தின் ஏனைய பறவைகளும் உதவுவதுண்டு.

எதிர்நோக்கும் ஆபத்து

19ஆம் நூற்றாண்டிலிருந்து கோப்பி, தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காக ஈரவலயக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. எஞ்சியவை தீவுகள் போலத் துண்டுதுண்டாக உள்ளன. காகம் மனிதர் வாழும் இடமெங்கும் பிழைத்துக்கொள்ளும். நீல மக்பையோ காட்டையொட்டிய தோட்டங்களுக்குச் சில வேளைகளில் வந்தாலும், காட்டைவிட்டு வெகுதூரம் செல்வதில்லை. எனவே ஒரு காட்டுத்துண்டில் வாழும் கூட்டம் மற்றைய கூட்டங்களிலிருந்து தனிமைப்படுகின்றது. சிறிய கூட்டம் ஒன்று அழிந்தால், அவ்விடத்தை வேறு பறவைகள் வந்து நிரப்புவது கடினம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகும்.

1970களில் சிங்கராஜ வனத்திலும் இயந்திரங்களைக் கொண்டு மரங்கள் தறிக்கப்பட்டன. எதிர்ப்புக் காரணமாக அது நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

பரீட்சைக்கு

இவ்வினம் குறைவடைவதற்குக் காரணம் கேட்கப்பட்டால், “காடழிப்பு” என்ற ஒரு சொல்லுடன் நிறுத்தாதீர்கள். காடு துண்டாடப்படல், குறுகிய இறக்கை, கூட்டங்கள் தனிமைப்படல் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுங்கள். இப்பறவையைக் கூட்டில் வளர்ப்பதால் மாத்திரம் காக்கமுடியாது. தொடர்ச்சியான காடே அதற்குத் தேவை என்பது அப்போது உங்கள் விடையிலேயே தெளிவாகும்.